சத்தம் வராத ஜன்னல்

அந்தப் படிவத்தில் பதினெட்டுக் கேள்விகள். பதினோராவதோடு நின்றுபோனது. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே நேரத்தைக் குறிப்பது என் பழக்கம். ஏழாவதுக்கு எதிரே இரண்டு பதினாறு என்று இருக்கிறது. பதினோராவதுக்கு எதிரே இரண்டு இருபத்தேழு. நடுவில் பதினோரு நிமிடம். சித்திரை வெயிலில், பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிக் கொட்டகையில், முப்பத்தாறு நாள் வளர்ந்த ஐயாயிரத்துச் சொச்சம் கோழிகள் காற்றில்லாமல் அடைபட்டுக் கிடந்த பதினோரு நிமிடம். அந்த நேரம் முழுக்க அவற்றை வளர்த்தவரை நான் நாற்காலியில் உட்கார வைத்து, சமையலறை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முப்பத்து நான்கு வருடம் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். ஓய்வுபெற்று எட்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால், மாடிப்படியையும் மாத்திரையையும் எண்ணிக்கொண்டு. பீளமேட்டில் வீட்டு உள்வடிவமைப்புக்கு ஆறு மாதப் படிப்பு என்று போர்டைப் பார்த்ததும் போய்ச் சேர்ந்துவிட்டேன். வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். இருபத்து மூன்றாவதாக நான். சொல்லிக் கொடுத்த அம்மா என் மகளைவிட இரண்டு வயது சின்னவர். முதல் மாதமே என் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சார், கோடெல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கு. ஆனா ஆளே இல்லையே?"

"எங்கீங்க மேடம்?"

"வீட்டுக்குள்ள சார். யாரு நிக்கறாங்க, யாரு நடக்கறாங்க, ஒண்ணுமே இல்லையே."

"பம்புக்குள்ள ஆளைப் போட்டு எனக்குப் பழக்கமில்லீங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் மதிப்பெண்ணில் ஆறைக் குறைத்துவிட்டார்.

அவர் சொன்ன ஒரு விஷயத்தை அன்றே நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்தேன். காசு கொடுப்பவர் ஒருவர், அந்த இடத்தில் புழங்குபவர் இன்னொருவர் என்றால், புழங்குபவரிடம் இரண்டு மடங்கு நேரம் உட்காருங்கள். நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். இப்போதும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் முகத்தில் அறைகிற மாதிரி இருக்கிறது.

படிப்பு முடிவதற்குள் நிஜமான ஒருவருக்கு ஒரு வேலை செய்து காட்ட வேண்டும். எனக்குத் தானாக வந்து அமைந்தது. என்னோடு கம்பெனியில் லேத் ஓட்டியவர் நான்கு வருடத்துக்கு முன் இறந்துபோனார். அவருடைய மனைவி தனியாக அந்தக் கொட்டகையை நடத்திவந்தார். கோழிக் கம்பெனி குஞ்சும் தீனியும் கொடுக்கும். வளர்த்துக் கொடுப்பது இவர் வேலை. மகன் பெங்களூரில். அவன்தான் போன் செய்தான்.

"அங்கிள், அம்மாவுக்குக் கிச்சனை நல்லாப் பண்ணிக் குடுங்க. ஃபேனெல்லாம் வீட்டைப் பாத்து வச்சிருக்காங்க. நாத்தம், எறகு, சத்தம் எதுவும் உள்ள வரக்கூடாது. கரண்ட் போனாலும் தெரியக்கூடாது. அவங்க நிம்மதியா இருக்கணும்."

வாடிக்கையாளர் இவ்வளவு தெளிவாகச் சொல்வது அபூர்வம் என்று எனக்கு மகிழ்ச்சி. ஐந்து தடவை போனில் பேசினேன். நாற்பத்திரண்டு கேள்விகள் கேட்டேன். அவனுடைய அம்மாவிடம் கேட்டது மூன்று. மேடை எவ்வளவு உயரம் வேண்டும், சிலிண்டர் உள்ளேயா வெளியேயா, என்ன நிறம். இதையும் எண்ணித்தான் சொல்கிறேன்.

கொட்டகைக்கும் சமையலறைச் சுவருக்கும் அறுபத்திரண்டு அடி. கொட்டகையின் கடைசிச் சுவரில் ஆளுயரத்துக்கு ஆறு ஃபேன்கள், உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் நீளத்துக்குப் படுதா கட்டி மூடியிருக்கும்; கைப்பிடியைச் சுற்றி அதைக் கீழே இறக்கினால்தான் பக்கவாட்டில் காற்று வரும். சமையலறையில் இருந்த பழைய மரஜன்னல் நேராக அந்த ஃபேன்களைப் பார்த்தது. வெந்நீர் வைக்கும் நேரத்தில்கூட அந்த இரைச்சல் தலைக்குள் ஏறிக்கொண்டிருக்கும். நான் அந்த ஜன்னலைப் பெயர்த்துவிட்டு, திறக்க முடியாத இரட்டைக் கண்ணாடி போட வரைந்தேன். கதவுக்கு ஓரம் முழுக்க ரப்பர். மாடிப்படிக்கு அடியில் பெரிய இன்வெர்ட்டர். மின்சாரம் போனால் விளக்குகூடச் சிமிட்டாது.

வரைபடத்தைக் கொண்டுபோய் விரித்த அன்று அந்த அம்மணி ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏனுங்ணா, அந்த ஜன்னல் மட்டும் அப்படியே இருக்கட்டுமுங்களா?"

நான் பென்சிலை எடுத்து விளக்க ஆரம்பித்தேன். தூசி எவ்வளவு வரும், சத்தம் காதுக்கு என்ன செய்யும், இரண்டு கண்ணாடிக்கு நடுவில் காற்று எப்படித் தடுக்கும். பன்னிரண்டு நிமிடம் பேசியிருப்பேன். பாதியிலேயே அவர் எழுந்தார்.

"இருங்ணா, டீ வெச்சுட்டு வாரேன்."

எங்கள் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பெண் பார்க்கப் போன வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் டீ கொண்டுவந்து வைத்தால், வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே எல்லோருக்கும் புரிந்துவிடும். என் தங்கைக்கு அப்படி இரண்டு இடம் தட்டிப்போனது. வந்தவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதற்கு எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. பேச்சை அப்படியே விட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போய்விடுவார்கள். இதெல்லாம் தெரிந்த நான் அன்றைக்கு டீயைக் குடித்தேன். சர்க்கரை அரைக் கரண்டி அதிகம் என்று மட்டும் நினைத்தேன். பிறகு கம்பெனிப் பழக்கத்தில், படத்தின் கீழ் மூலையில் ஒப்புதல் என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னேன். மாவுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பெரியவரைக் காக்க வைக்கக்கூடாது என்று, படத்தைப் பார்க்காமலே போட்டுக் கொடுத்தார்.

வேலை முப்பத்தோரு நாளில் முடிந்தது. அதற்குப் பிறகு நான் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். மூன்று தடவையும் சமையலறையின் பின்கதவு அகலத் திறந்து கிடந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு ஹாலோபிளாக் கல்லை முட்டுக் கொடுத்திருந்தார். ரப்பர் ஓரத்தில் இறகு ஒட்டியிருந்தது.

"அம்மணி, இதைத் திறந்து வெச்சா நான் போட்டதுக்கெல்லாம் என்ன பிரயோசனம்? சாத்தி வைங்க."

"சரிங்ணா."

மூன்று தடவையும் கல்லை நானே காலால் நகர்த்தினேன். மூன்று தடவையும் கதவை நானே சாத்தினேன்.

அப்போதே கொட்டகையின் நிலைமை நன்றாக இல்லை. முந்தைய இரண்டு பேட்சிலும் நோய் வந்து கோழிகள் அதிகம் செத்திருந்தன. மூன்றாவதும் கெட்டால் இனிக் குஞ்சு விடமாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். குஞ்சு வராவிட்டால் கொட்டகை காலி. காலியானால் மகன் பெங்களூருக்குக் கூட்டிப்போய்விடுவான். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. நான்காவது தடவை போனபோது, சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னார். "அங்க போயி பதினாலாவது மாடியில உக்காந்து நான் என்னத்தைங்ணா பண்ணுவேன்? இன்னும் ஏழு நாளுங்க. கோழி தூக்கீட்டாங்கன்னா மூச்சு வந்துரும்."

அது மத்தியானம். வெளியே நிற்க முடியாத வெயில். வந்ததும் வழக்கம்போலக் கல்லை நகர்த்திக் கதவைச் சாத்தியிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் வகுப்பில் கொடுத்த படிவத்தை எடுத்தேன். புழங்குபவரின் கருத்தை எழுதிக்கொண்டு போனால்தான் மதிப்பெண்.

முதல் கேள்வியிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கண் கதவுக்கும் கடிகாரத்துக்கும் போய்ப் போய் வந்தது. எனக்கு எரிச்சல். நான்காவது கேள்வியில் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஒரு எட்டு வெளிய போயிட்டு வந்துரட்டுங்களா?"

"இன்னும் பதினாலுதான் அம்மணி. கோர்வையா எழுதினாத்தான் சரியா வரும்."

உட்கார்ந்துகொண்டார்.

ஏழாவது கேள்வியை எழுதும்போது மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் 'டிக்' என்றது. எனக்குக் கேட்டது. மின்சாரம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். தலைக்கு மேல் மின்விசிறி ஒரு சுற்றுக்கூடக் குறையவில்லை. விளக்கு சிமிட்டவில்லை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. தெரியாமல் இருக்க வேண்டும் என்றுதானே வரைந்தேன்? வாயைத் திறந்து சொல்லி அதைக் கெடுப்பானேன் என்று பேசாமல் இருந்தேன்.

எட்டு: பாத்திரங்கள் கைக்கு எட்டும்படி இருக்கின்றனவா? எட்டுதுங்ணா. ஒன்பது: வெளிச்சம் போதுமா? போதுமுங்க. பத்து: உங்களுக்குப் பிடித்தது எது? "எல்லாமே நல்லாருக்குதுங்க." எல்லாம் என்று எழுதக்கூடாது, ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். யோசித்து, அந்தத் தட்டு அடுக்கும் கம்பி என்றார். எழுதிக்கொண்டேன்.

பதினொன்று: இடைஞ்சலாக இருப்பது எது?

அதற்கு அவர் எழுந்துவிட்டார். "சொன்னா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டீங்களே?" என்றார். கண்ணாடி ஜன்னலுக்குப் போனார். "ஃபேன் ஓடறது முன்ன மாதிரி கேக்கறதில்லீங்ணா. அதனால இப்படிக் கை வெச்சுத்தான் பாத்துக்கறது. லேசா அதிரும் பாருங்க" என்று உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தார்.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். இன்னொரு கையையும் வைத்தார்.

"அதிரலீங்க" என்றார்.

நான் 'அதிர்வு இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதை நிறைகள் என்ற கட்டத்தில் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஏனுங்ணா, கரண்ட் போச்சுங்களா?"

"போய்ப் பத்து நிமிஷத்துக்கு மேலாச்சு அம்மணி. தெரியவே இல்லை பாத்தீங்களா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. கதவு திறந்தது, அவர் இல்லை. செருப்பு அங்கேயே கிடந்தது.

அந்தக் கொட்டகையில் ஜெனரேட்டர் தானாக ஓடாது. ஒருவர் ஓடிப்போய்ச் சுற்றிவிட வேண்டும். நான் தானாக ஓடும் என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை. நாற்பத்திரண்டு கேள்வியில் அது இல்லை. கரண்ட் போனால் கத்துகிற சைரன் ஒன்று இருந்தது, அது போன மழையில் கெட்டுவிட்டது. ஃபேன் நின்றால் அடுத்த நொடி அடுப்பைப் போட்டது போட்டபடி விட்டு ஓடுபவருக்குச் சைரன் தேவைப்படவில்லை. நான் வரும்வரை.

வெளியே அமைதியாக இருந்தது. இத்தனை தடவை வந்ததில் அந்த இடத்தில் நான் அமைதியைக் கேட்டதே இல்லை. கொட்டகைக் கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் மோதியது. வெள்ளைத் தரை முழுக்க அலகைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சிரைத்தது. கத்தக்கூட இல்லை.

"அந்தப் பக்கம் படுதாவை எறக்குங்க! கைப்பிடியைச் சுத்துங்க! ஓடுங்க!"

அண்ணா இல்லை, ஏனுங்க இல்லை. அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஓடினேன். எனக்கு அறுபத்தொன்பது வயது, காலை மாத்திரை இரண்டு, இரவு மூன்று. கைப்பிடி வெயிலில் கொதித்தது. ஒரு சுற்றுக்குப் படுதா இரண்டு விரல்கடை இறங்கியது. எண்ணினேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு? இருபதில் மூச்சு வாங்கியது. முப்பத்தைந்தில் நெஞ்சு அடைத்தது. நாற்பத்தாறாவது சுற்றில் படுதா முழுக்க இறங்கிவிட்டது. எதிர்ப்பக்கம் அவர் எனக்கு முன்பே இறக்கிவிட்டு ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை சுற்றி நின்றுபோனது. மூன்றாவதில் பிடித்தது. ஆறு ஃபேன்களும் ஒவ்வொன்றாக இரைய ஆரம்பித்தன. அந்த இரைச்சலைக் கேட்டு நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் உட்காரவில்லை. கோழிகளுக்கு நடுவே மெதுவாக நடந்து, கிடந்தவற்றைக் காலால் தட்டித் தட்டி எழுப்பினார். எழுந்தவை எழுந்தன.

மாலை ஐந்து மணிக்கு அவர் வாசலில் நின்றுகொண்டு சொன்னார். "நீங்க எண்ணுங்ணா. உங்களுக்குத்தான் அது நல்லா வரும்."

அதைக் குத்தலாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பத்துப் பத்தாக வரிசையில் போட்டு எண்ணினேன். முந்நூற்று எண்பத்தாறு. இரண்டு தடவை எண்ணினேன். இன்னும் சூடாக இருந்தன.

அன்றிரவு பல்லடத்தில் என் மச்சினன் வீட்டில் தங்கி, மறுநாள் காலையிலேயே திரும்பிவந்தேன். கோழிக் கம்பெனியின் சூப்பர்வைசர் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"ஏனுங்கம்மா, கோழி தும்முனாக்கூட ஊட்டுக்குள்ள இருந்தே சொல்லிப்போடுவீங்க. ஆறு ஃபேன் நின்னது கேக்கலீங்களா?"

"கண்ணசந்துட்டனுங்க தம்பி" என்றார் அவர். தரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். வீட்டுக்கு வந்தவரைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் பகலில் தூங்கியவர் என்று எழுதினால் அவ்வளவுதான், இனிக் குஞ்சு வராது.

"அவங்க தூங்கலீங்க" என்றேன். "நான்தான் புடிச்சு உக்கார வெச்சிருந்தேன்."

"நீங்க யாருங்க?"

"இந்தச் சமையலறையை வரைஞ்சவன்."

சூப்பர்வைசர் கண்ணாடியைப் பார்த்தார், கதவு ரப்பரை அழுத்திப் பார்த்தார், தட்டுக் கம்பியைப் பார்த்தார். "நல்லாத்தானுங்க இருக்குது. ஆஸ்பத்திரியாட்டம்." நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். கதவை எப்போது சாத்தினேன், இன்வெர்ட்டர் எப்போது சத்தம் போட்டது, அம்மணி எப்போது வெளியே போகக் கேட்டார், நான் என்ன சொன்னேன் எல்லாம் நேரத்தோடு இரவே எழுதி, கீழ் மூலையில் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன். சூப்பர்வைசர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்ன மாற்றப்போகிறேன் என்று படம் வரைந்து தரட்டுமா என்று கேட்டேன்.

"படம் எதுக்குங்க? ஜன்னலைத் தொறந்து வுடுங்க, போதும். குஞ்சு வுடறதும் வுடாததும் ஆபீஸ்லதானுங்க."

மகனிடம் நானே போனில் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் சொன்னான்.

"விடுங்க அங்கிள். நல்லதுக்குத்தான். ஷெட்டை மூடிட்டு வரச் சொல்லுங்க, உங்க பேச்சைக் கேப்பாங்க. அந்தச் சத்தம் காதுல விழாம ரெண்டு மாசம் இருந்தா அவங்களே விட்டுருவாங்கன்னுதான் நெனச்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பத்திரண்டு கேள்வி கேட்டும் இவனுக்கு என்ன வேண்டும் என்பதையும் நான் கேட்கவில்லை. சத்தம் ஏன் வரக்கூடாது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவன் அன்றே சொல்லியிருப்பான். சமையலறை வரைய வந்த ஆளைக்கொண்டு தன் அம்மாவின் தொழிலை நிறுத்தப் பார்த்திருக்கிறான், பாசத்தில்தான். நானும் துல்லியமாக வரைந்து கொடுத்திருக்கிறேன்.

"உங்கம்மாகிட்ட நீங்களே கேளுங்க தம்பி" என்றேன். "நான் கேக்காம ஒரு தடவை செஞ்சது போதும்."

கேட்டானா என்று எனக்குத் தெரியாது.

மிச்சக் கோழிகள் ஏழாவது நாள் லாரியில் ஏறின. அதற்குப் பிறகு கொட்டகை காலி. கம்பெனியிலிருந்து தகவல் இல்லை. நான் தச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே அளவில் புதுமரஜன்னல் செய்ய வேண்டும் என்று டேப்பை எடுத்தபோது அம்மணி, "வாங்ணா" என்று தீனி மூட்டை அறைக்குக் கூட்டிப்போனார். மூட்டைகளுக்குப் பின்னால், சாக்கு சுற்றி, பழைய ஜன்னல் நின்றிருந்தது. கீலுக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தார். பெயர்த்த அன்றே எடுத்து வைத்துவிட்டாராம்.

"சொல்லியிருக்கலாமே அம்மணி?"

"கேட்டனுங்களே" என்றார். "நீங்க படம் காட்டுனீங்க."

ஜன்னல் பழைய இடத்தில் உட்கார்ந்தது. வெளியே ஒரு சைரன், சமையலறைக்குள் ஒரு சைரன். இன்வெர்ட்டரை இரண்டே விளக்கோடு நிறுத்தினோம். பிறகு காத்திருப்பு. நான் தினமும் காலை ஒன்பதுக்குப் போன் செய்வேன். "வரலீங்ணா" என்பார். இருபத்து மூன்று நாள் அப்படி. இருபத்து நான்காம் நாள் அவரே கூப்பிட்டார். குஞ்சு வண்டி வந்திருந்தது. ஐயாயிரத்து இருநூறு அல்ல, மூவாயிரம்தான். பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார்கள்.

அந்தக் குஞ்சுகளுக்கு முப்பது நாள் ஆனபோது போனேன். படிவத்தில் ஏழு கேள்விகள் பாக்கி. படிப்புக் காலம் முடிந்துவிட்டது. சொல்லிக் கொடுத்த அம்மா, "நடந்ததை அப்படியே எழுதுங்க சார், மார்க் அப்புறம்" என்று தவணை கொடுத்திருந்தார். இந்தத் தடவை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. அவர் ஜன்னலோரம் வெங்காயம் அரிந்துகொண்டு நின்றார். இரைச்சலில் நான் கத்திக் கத்திக் கேட்டேன். முதுகைக் காட்டியபடியே அவரும் கத்திப் பதில் சொன்னார். பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு ஆயிற்று.

பதினைந்தாவது பாதியில் கத்தியை வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"நாலாவது ஃபேன்ல பெல்ட் தளருதுங்க."

நான் பேனாவை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக் கேட்டேன். ஒன்று, இரண்டு என்று பிரித்து எண்ணிப் பார்த்தேன். எனக்கு ஆறும் ஒரே சத்தம்தான். திரும்பிப் பார்த்தால் பின்கதவு திறந்திருந்தது. அவர் கொட்டகைக்குப் பாதி தூரம் போய்விட்டிருந்தார். ஹாலோபிளாக் கல் கதவுக்கு முட்டாக அதே இடத்தில் இருந்தது. நான் அதைத் தாண்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனேன்.